வேல்ஸ் மால்ட்டா, பெங்களூரு மால்ட்டா?

வெளிநாட்டு மச்சான் கொண்டு வந்த பெண்டரின் கையில் இருக்கிறதா? 2004-இல் விற்பனைக்கு வந்த வேல்ஸ் சிங்கிள் மால்ட் இது. போர்பன் பீப்பாயில் முதிர்ந்து, மதேரா ஒயின் பீப்பாயில் முடிவது, 46 சதவீதம். ஒப்பிட நம் பக்கத்து ஆள், பெங்களூரு அம்ருத்தின் போர்ட்டோநோவா. போர்ட் ஒயின் பீப்பாயில் ஊறியது, 62.1 சதவீதம். அப்படியே பக்கத்தில் வைத்தால் காரம்தான் ஜெயிக்கும், ருசி தெரியாது. அம்ருத் 30 மில்லிக்குத் தண்ணீர் 10 மில்லி விடுங்கள். இரண்டும் ஏறக்குறைய ஒரே பலத்துக்கு வந்துவிடும்.

அந்தத் தண்ணீர் திண்டுக்கல் போர் தண்ணீராக இருக்க வேண்டாம். உப்புக்கரிப்பு எல்லாவற்றையும் கெடுத்துவிடும். கேன் தண்ணீரே போதும்.

சித்திரை வெயிலில் மது ஆவி மூக்கில் குத்தும். பாட்டிலை ஈரத்துணி சுற்றி அரை மணி நேரம் வையுங்கள். ஐஸ் போட்டால் வாசனை அடங்கிவிடும்.

வாய் குவிந்த கிளாஸில் கொஞ்சமாக ஊற்றி, சின்னத் தட்டால் ஐந்து நிமிடம் மூடி வைத்து முகருங்கள். உலர்திராட்சை எதில் தூக்கல்? சிறுமலைப் பழம்போல ஏதாவது வருகிறதா? மனதில் பட்டதைக் குறித்துக்கொள்ளுங்கள், பாட்டில் அட்டையைப் பிறகு படிக்கலாம்.

பிரியாணி? அது கடைசியில். மிளகு ஏறிய நாக்குக்கு மதேராவும் ஒன்றுதான், மோரும் ஒன்றுதான்.