நெய்க்கரண்டியில் எவ்வளவு மருந்து?

சாரல் தொடங்கிவிட்டால் தென்காசியிலிருந்து குற்றாலம் போகும் சாலை நெடுக எண்ணெய் வாசம்தான். நேந்திரங்காய் சிப்ஸ் பொரிகிற தேங்காய் எண்ணெய், அருவிக்குப் போகுமுன் உடம்பில் தேய்த்துவிடும் மசாஜ் எண்ணெய், இன்னும் சற்றுத் தள்ளி பிரானூர் பார்டரில் கோழி பொரியும் எண்ணெய். கூடவே சில நம்பிக்கைகளும் வாய்வழியாகப் பரவுகின்றன. இப்போது அதிகம் காதில் விழுவது நெய்யைப் பற்றியது: “புல் மேய்ந்த நாட்டு மாட்டு நெய்யில் சி.எல்.ஏ. இருக்கு, அது உடம்புக் கொழுப்பைக் கரைச்சிடும்.”

சி.எல்.ஏ. இருப்பது உண்மை. கான்ஜுகேட்டட் லினோலெயிக் அமிலம் என்பதன் சுருக்கம் அது. அசைபோடும் விலங்குகளின் முதல் இரைப்பையில் வாழும் பாக்டீரியாக்கள், தீவனத்தில் உள்ள கொழுப்பு அமிலங்களை உருமாற்றுகின்றன. அப்படிப் பாதி மாறியதை வாங்கி, மீதி வேலையை மடி முடிக்கிறது. காய்ந்த வைக்கோல் தின்னும் மாட்டைவிடப் பச்சைப்புல் மேயும் மாட்டின் பாலில் இது கூடுதலாக இருக்கும். சாரலில் மேக்கரை, பண்பொழி அடிவாரங்களில் தளிர்க்கும் புல்லுக்குத்தான் இதில் பெரிய பங்கு. நாட்டு மாடா, கலப்பினமா என்பது அடுத்த கேள்வி; எருமை நெய்யிலும் சி.எல்.ஏ. உண்டு. நெய் டப்பாவில் ‘ஏ2’ என்று அச்சிடுவதற்கும் பொருளில்லை. ஏ2 என்பது பாலில் உள்ள ஒரு புரதம். வெண்ணெய் உருக்கி வடித்த நெய்யில் புரதம் ஏறக்குறைய மிஞ்சுவதே இல்லை.

இந்தப் புகழ் எங்கே தொடங்கியது? 1970-களின் இறுதியில் அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் மைக்கேல் பரிஸா, சுட்ட மாட்டிறைச்சியில் புற்றுநோய்க்கு வழிவகுக்கும் பொருள்களைத் தேடிக்கொண்டிருந்தார். அதே இறைச்சியில், மரபணுச் சிதைவைத் தடுக்கும் ஒன்றும் கிடைத்தது. 1987-ல் அது சி.எல்.ஏ. என்று தெரியவந்தது. பிறகு எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தபோது உடல் கொழுப்பு நன்றாகவே குறைந்தது. அந்தச் செய்திதான் கடல் தாண்டி வந்து நம் ஊர் நெய்யின் தலையில் ஏறியிருக்கிறது.

இனி ஒரு கணக்கு. மனிதர்களிடம் நடந்த சோதனைகளில் தினமும் ஏறத்தாழ 3 கிராம் சி.எல்.ஏ. கொடுத்தார்கள். பால் கொழுப்பில் அது பெரும்பாலும் நூற்றுக்கு ஒரு கிராம்கூட இருக்காது. தாராளமாக ஒரு கிராம் என்றே வைத்தாலும், 3 கிராமுக்கு 300 கிராம் நெய் வேண்டும். அதாவது அறுபது தேக்கரண்டி, 2,700 கலோரி. பருப்புச் சோற்றில் விடும் ஒரு கரண்டி நெய் ருசிக்கும் மணத்துக்கும் போதும். இளைப்பதற்கு அது உதவாது.

“அப்படியானால் மாத்திரையாக விழுங்கலாமே?” என்று ஜிம் போகும் பிள்ளைகள் கேட்கிறார்கள். அந்த மாத்திரை நெய்யிலிருந்து வருவதில்லை. குசும்பா, சூரியகாந்தி எண்ணெய்களை ஆலையில் மாற்றிச் செய்கிறார்கள். பாலில் அநேகமாக ஒரே வகைதான். மாத்திரையிலோ இரண்டு வகைகள் சரிபாதி. எலியை இளைக்க வைத்தது அந்த இரண்டாவது வகை. அதையே தனியாகப் பருமனான ஆண்களுக்குக் கொடுத்துப் பார்த்த ஸ்வீடன் ஆய்வாளர்கள், இன்சுலின் வேலை செய்யும் திறன் குறைந்ததை 2002-ல் கண்டார்கள். ஆறு மாதமும் அதற்கு மேலும் நீண்ட சோதனைகளை 2012-ல் தொகுத்துப் பார்த்தபோது, மாத்திரையால் கூடுதலாகக் குறைந்த எடை சராசரியாக 700 கிராம். வீட்டில் சர்க்கரை நோய் உள்ளவர்கள் இந்த மாத்திரை டப்பாவைத் தொடாமலிருப்பதே நல்லது.

பெயர்க் குழப்பம் இன்னொன்று. நல்லெண்ணெயில் நூற்றுக்கு நாற்பதுக்கு மேல் லினோலெயிக் அமிலம் உண்டு. அது சி.எல்.ஏ. அல்ல, நம் உடல் தானாகச் செய்ய முடியாத, உணவில் வந்தே ஆகவேண்டிய வேறு கொழுப்பு. மரச்செக்கில் ஆட்டினாலும் ஆலையில் பிழிந்தாலும் அந்த விகிதம் மாறாது. செக்கில் எள் நசுங்கும்போது கருப்பட்டியைத் தட்டிப் போடுவார்கள். புண்ணாக்கு திரண்டு ஒதுங்க, எண்ணெய் தெளிந்து பிரியும். அந்த மணமும், சுத்திகரிப்பில் ஓரளவு போய்விடும் நுண்சத்துகளும் செக்கெண்ணெயில் தங்குகின்றன. உளுந்தங்களியின் நடுவே குழித்து அதை ஊற்றிச் சாப்பிட்டவர்களுக்கு வேறு விளக்கம் வேண்டாம்.

நெய்யைவிட அதிகக் கவனம் கேட்பது வனஸ்பதி. சி.எல்.ஏ.வும் வேதியியல்படி ‘டிரான்ஸ்’ வகைதான். ஆனால் வனஸ்பதிக்காக எண்ணெயில் ஹைட்ரஜனைப் பாதி ஏற்றும்போது உருவாகும் டிரான்ஸ் கொழுப்பு, கெட்ட கொலஸ்ட்ராலைக் கூட்டி நல்லதைக் குறைக்கும். 2022 ஜனவரி முதல் இந்தியாவில் எண்ணெய், கொழுப்புகளில் அது 2 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. கடாயில் திரும்பத் திரும்பக் காயும் எண்ணெய்க்கும் சட்டம் உண்டு: சிதைவுப் பொருள்கள் 25 சதவீதத்தைத் தாண்டினால் அதை மேலும் பயன்படுத்தக் கூடாது. சீசன் கூட்டத்தில் பரோட்டாவுக்குக் காத்திருப்பவர்கள் அந்தக் கடாயை எட்டிப் பார்க்கலாம். எண்ணெய் கருத்து, நுரை கட்டி, லேசான சூட்டிலேயே புகைந்தால் அடுத்த கடைக்கு நடக்கலாம்.