எட்டு முனை நட்சத்திரம்

பழந்துணியை ஒட்டித் தைத்துப் போர்வையாக்கும் கலை பல நாடுகளில் உண்டு. வங்காளப் பெண்கள் பழம்புடவைகளை அடுக்கித் தைப்பது காந்தா. கர்நாடகத்தின் வடகன்னட மாவட்டத்தில் சித்தி இனப் பெண்கள் தைப்பது கவந்தி. வட அமெரிக்காவின் லக்கோட்டா மக்கள், மதிப்பிற்குரியோர்க்கு நட்சத்திரப் போர்வை அளித்துச் சிறப்பிக்கின்றனர். இவற்றுள் தைப்பதற்குக் கடினமானது நட்சத்திரமே. கணிதம் பயிலும் மாணவியாகிய நான் அதன் அமைப்பை இங்கு விளக்க முற்படுகிறேன்.

எட்டு சாய்சதுரங்களின் கூர்முனைகள் நடுவில் கூடுவதே இந்த நட்சத்திரம். ஒவ்வொரு கூர்முனையும் 45 பாகை. எட்டும் சேர்ந்தால் 360. ஒவ்வொன்றிலும் ஒரு பாகை கூடினால் மொத்தம் 368 ஆகி, துணி அலையலையாகச் சுருங்கும். ஒரு பாகை குறைந்தால் 352 ஆகி, நடுப்பகுதி குடைபோல் எழும்பும். எனவே அட்டையில் அச்சு வெட்டிக்கொள்ள வேண்டும். கோணமானி தேவையில்லை, சதுரத் தாளின் ஒரு மூலையைச் சரிபாதியாக மடித்தாலே 45 பாகை கிடைத்துவிடும். தையலுக்கென நாற்புறமும் கால் அங்குலம் கூட்டிக்கொள்க.

பெரிய சாய்சதுரம் ஒவ்வொன்றையும் 25 சிறு சாய்சதுரங்களால் ஆக்கினால் மொத்தம் 200 துண்டுகள் வேண்டும். நடுவிலிருந்து முனை வரை ஒன்பது வளையங்கள்: 8, 16, 24, 32, 40, 32, 24, 16, 8. வளையத்திற்கு ஒரு நிறம்.

கடையில் வாங்குபவர் முதலில் நிறத்தைத் தேர்ந்து, பிறகு அளவைக் கேட்பார். கையிலுள்ளதைக் கொண்டு தைப்பவருக்கோ முதலில் அளவு, நிறம் அதன்பின். எட்டுத் துண்டுக்கே போதுமான துணி நடுவிலோ முனையிலோ அமையட்டும். நாற்பது துண்டு தரும் துணி ஐந்தாம் வளையத்திற்கு. பாதியில் தீர்ந்துபோனால் அதே பழந்துணி எந்தக் கடையிலும் கிடைக்காது.

காலாப்பட்டில் வீட்டிலிருந்தே துணி தைத்து என்னைப் படிக்க வைப்பவர் என் தாயார். அவர் பள்ளிக்குச் சென்றதில்லை. எங்கள் குடும்பத்தில் கல்லூரிக்கு வந்தவள் நான் ஒருத்தியே. அக்காள் பேறுகாலத்திற்கு வருமுன் குழந்தைக்கு ஒரு போர்வை வேண்டியிருந்தது, புதுத்துணிக்குப் பணமில்லை. நான் வளையக் கணக்கைத் தாளில் எழுதிக்கொண்டிருக்கையில், அம்மா பழந்துணிகளைத் தரையில் கூறுகூறாக அடுக்கி, "இது கொஞ்சம், நடுவுக்கு, இது நெறைய, அகலமான எடத்துக்கு" என்று முடித்துவிட்டார்கள். கணக்கில் இல்லாத ஒன்றையும் சொன்னார்கள்: "கிராஸா வெட்டுன ஓரம் இழுத்தா நீளும், கை படாமத் தை." பாவுக்கும் ஊடைக்கும் குறுக்கே வெட்டிய ஓரத்தை எந்த இழையும் நேராகத் தாங்குவதில்லை என்பதே இதன் காரணம்.

துணிகளை முதலில் துவைத்துச் சாயத்தையும் சுருக்கத்தையும் போக்குக. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, நைந்ததை ஒதுக்குக. ஐந்தைந்தாகச் சேர்த்து வரிசை, வரிசைகளைச் சேர்த்துப் பெரிய சாய்சதுரம், பின்பு எட்டையும் இணைத்தல் என்பது முறை. முனைகளுக்கு இடையிலுள்ள இடைவெளி சரியாக 90 பாகை. ஆகவே மூலைகளில் நான்கு சதுரங்களும், பக்கங்களில் நான்கு செங்கோண முக்கோணங்களும் பொருந்தும். அவற்றுக்குப் பழைய வேட்டி போதும். உள்மூலைக்குக் கால் அங்குலம் முன்பே தையலை நிறுத்தித் திருப்ப வேண்டும். சிறு சாய்சதுரத்தின் பக்கம் இரண்டு அங்குலமானால், போர்வை ஏறத்தாழ 34 அங்குலச் சதுரமாகும்.

நண்பர்களே, நாம் ஏட்டில் கற்கும் கோணமும் எண்ணும், எழுத்தறியாத கைகளில் முன்பே குடியிருக்கின்றன. பட்டம் பெறப்போகும் நாம் அக்கைகளிடமும் பாடம் கேட்போம்.