லெச்சோ: மிளகாயும் தக்காளியும் சொல்லித்தரும் பாடம்

(இரண்டாமாண்டு இயந்திரவியல் மாணவன்)



"ஆண்டு மலருக்கு ஒரு கட்டுரை கொடுடா" என்று சங்கத்து அண்ணன்கள் கேட்டபோது, லேத் பற்றியோ வெல்டிங் பற்றியோ எழுதுவேன் என்று நினைத்திருப்பார்கள். நான் எழுதப்போவது சமையல். அதுவும் ஹங்கேரி நாட்டுச் சமையல்! சிரிக்கிறவர்கள் சிரித்துவிட்டே வாருங்கள். வெப்பம், ஆவியாதல், கரைதிறன் என்று நாம் வகுப்பில் எழுதி எழுதிப் பார்க்கிற பாடங்கள் ஒரே சட்டிக்குள் நடக்கின்றன. அதைத்தான் இங்கே பார்க்கப்போகிறோம்.

லெச்சோ என்றால் என்ன?

ஹங்கேரி, ஐரோப்பாவின் நடுவில் கடற்கரையே இல்லாத ஒரு நாடு. தலைநகர் புடாபெஸ்ட். டான்யூப் நதி அதன் நடுவே ஓடுகிறது. அங்கே கோடை முடியும் ஆகஸ்ட், செப்டம்பர் மாதங்களில் மிளகாயும் தக்காளியும் ஒரே நேரத்தில் வந்து குவியும். அப்போது வீட்டுக்கு வீடு செய்வதுதான் லெச்சோ. வெங்காயம், காரமில்லாத மிளகாய், தக்காளி, மிளகாய்ப்பொடி, உப்பு, கொழுப்பு. அவ்வளவுதான் சரக்கு. மிஞ்சினால் ஜாடிகளில் அடைத்துக் குளிர்காலத்துக்கு வைத்துக்கொள்வார்கள். அங்கே அது எவ்வளவு சாதாரணமான சாப்பாடு என்பதற்கு ஒரு உதாரணம்: 2007இல் ஒரு எலி சமையல்காரனாகும் 'ராட்டடூயி' என்ற கார்ட்டூன் படம் வந்ததல்லவா? அது ஒரு பிரெஞ்சுக் காய்கறிக் குழம்பின் பெயர். ஹங்கேரியில் அந்தப் படத்துக்கு லெச்சோவின் பெயரையே சற்றுத் திருகி வைத்துவிட்டார்கள்.

பெயரில் ஒரு ஒற்றுமை

மிளகாய், தக்காளி இரண்டுமே அமெரிக்கக் கண்டத்துப் பயிர்கள். 1492இல் கொலம்பஸ் அங்கே போய் இறங்கிய பிறகுதான் மற்ற கண்டங்களுக்கு இவை தெரியவந்தன. நம் நாட்டுக்கு மிளகாயைக் கொண்டுவந்தவர்கள் போர்த்துக்கீசியர்கள். ஹங்கேரிக்கு அது துருக்கியர் காலத்தில் வந்தது. புடா நகரம் 1541 முதல் 1686 வரை துருக்கியர் கையில் இருந்தது. தக்காளி அங்கே பரவலானது 19ஆம் நூற்றாண்டில்தான். ஆகவே 'பாரம்பரிய உணவு' என்று அவர்கள் சொல்லும் லெச்சோ அதற்கு முன்னால் இருந்திருக்க வழியில்லை. நம் ரசத்தில் தக்காளி வந்த கதையும் இதுபோலத்தான்!

இன்னொரு வேடிக்கை. புதிதாக வந்த இந்தக் காய்க்கு என்ன பெயர் வைப்பது? காரமாக இருந்ததால் நம் ஆட்கள் மிளகை நினைத்து 'மிளகாய்' என்றார்கள். அங்கே வழங்கும் 'பாப்ரிகா' என்ற சொல்லும் மிளகைக் குறிக்கும் சொல்லிலிருந்து பிறந்ததுதான். ஒருவரை ஒருவர் பார்க்காத இரண்டு மக்கள் ஒரே மாதிரி யோசித்திருக்கிறார்கள்.

ஆராய்ச்சிக்கூடத்துக்குப் போன மிளகாய்

ஹங்கேரியின் தெற்கே செகெட் என்றொரு நகரம். மிளகாய்க்குப் பெயர்போன ஊர். அங்கே பல்கலைக்கழகத்தில் ஆல்பர்ட் செண்ட்-ஜியார்ஜி (பிறப்பு 1893) என்ற விஞ்ஞானி வேலை பார்த்தார். ஒரு குறிப்பிட்ட அமிலத்தைத் தேடிக்கொண்டிருந்த அவருக்கு, விலங்குகளின் சுரப்பியிலிருந்து துளித் துளியாகத்தான் அது கிடைத்தது. ஓர் இரவு அவர் மனைவி சாப்பாட்டில் மிளகாய் வைத்தாராம். அதைச் சாப்பிட மனமில்லாமல், சோதனைக்கூடத்துக்கு எடுத்துக்கொண்டு போய்விட்டதாக அவரே பின்னாளில் சொல்லியிருக்கிறார். அந்த மிளகாயில்தான் பொருள் கொட்டிக் கிடந்தது. சில வாரங்களில் கிலோ கணக்கில் பிரித்தெடுத்தார்கள். அதுதான் வைட்டமின் சி! பல் ஈறு கசிந்து, கப்பல் மாலுமிகளைக் கொன்ற ஸ்கர்வி நோய்க்கு மருந்து. 1937இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. மனைவி வைத்த சாப்பாட்டை ஒதுக்கியதற்குப் பரிசு வாங்கியவர் உலகத்திலேயே இவர் ஒருவராகத்தான் இருப்பார்!

தேவையான பொருட்கள் (4 பேருக்கு)

பஜ்ஜி மிளகாய், குடைமிளகாய் சேர்த்து - 500 கிராம்
நன்கு பழுத்த தக்காளி - 250 கிராம்
பெரிய வெங்காயம் - 1 (சுமார் 100 கிராம்)
காரம் குறைந்த சிவப்பு மிளகாய்ப்பொடி - 2 தேக்கரண்டி
எண்ணெய் - 3 மேசைக்கரண்டி
உப்பு - தேவையான அளவு

அங்கே போடுவது வெளிர் மஞ்சள் நிறத்தில் கூம்பாக இருக்கும் மிளகாய். நம் பஜ்ஜி மிளகாய் அதற்குக் கிட்டத்தட்ட வரும். எண்ணெய்க்குப் பதிலாக அவர்கள் பன்றிக் கொழுப்பு அல்லது புகையில் வாட்டிய பன்றிக்கறியை உருக்குவார்கள். சூரியகாந்தி எண்ணெயிலும் செய்கிறார்கள். நம் வீட்டு மிளகாய்ப்பொடியைப் போட்டால் வாயில் வைக்க முடியாது. காஷ்மீரி மிளகாய்ப்பொடியோ, விதை நீக்கி அரைத்த பியாடகி மிளகாயோ போடலாம். நிறம் வரும், காரம் வராது.

செய்முறையும் காரணமும்

1. மிளகாயைக் கீறி, விதையோடு உள்ளே இருக்கும் வெள்ளை நரம்பையும் எடுத்துவிட்டு வளையமாக நறுக்கவும். காரம் விதையில் இருக்கிறது என்று பலர் நினைக்கிறோம். காரம் தரும் கேப்சைசின் உண்டாவது அந்த வெள்ளைப் பகுதியில்தான். விதை அதை ஒட்டி இருப்பதால் அதற்கும் காரம் ஏறுகிறது.

2. அடி கனமான பாத்திரத்தில் எண்ணெய் விட்டு, நறுக்கிய வெங்காயத்தோடு ஒரு சிட்டிகை உப்புப் போட்டு மிதமான தீயில் வதக்கவும். சிவக்க வேண்டாம், கண்ணாடி போல ஆனால் போதும். 5, 6 நிமிடம் ஆகும். உப்பு வெங்காயத்திலிருந்து நீரை வெளியே இழுப்பதால் அது கருகாமல் வதங்கும்.

3. இதுதான் முக்கியமான இடம். பாத்திரத்தை அடுப்பிலிருந்து இறக்கிவிட்டு மிளகாய்ப்பொடியைப் போட்டுக் கிளறவும். எண்ணெயின் சூடு 100 டிகிரியை எளிதில் தாண்டும். பொடியில் இருக்கும் சர்க்கரை அந்தச் சூட்டில் கருகி, மொத்தக் குழம்பும் கசந்துவிடும். அப்படியானால் பொடியைத் தண்ணீரில் கலந்து விடக்கூடாதா? கூடாது. அதன் சிவப்பு நிறம் கொழுப்பில் கரையும், தண்ணீரில் கரையாது. எண்ணெய் வேண்டும், தீ வேண்டாம். அதனால்தான் இறக்கிவைப்பது.

4. உடனே மிளகாய் வளையங்களைப் போட்டு மறுபடி அடுப்பில் ஏற்றவும். காயின் ஈரம் இறங்கி, சூடு 100 டிகிரிக்குப் பக்கத்தில் நின்றுவிடும். தண்ணீர் இருக்கும்வரை அது ஆவியாவதற்கே வெப்பம் செலவாகிறது. தெர்மல் பாடத்தில் உள்ளுறை வெப்பம் என்று படித்தோமே, அதுதான். 10 நிமிடம் வதக்கவும்.

5. இப்போது தக்காளியும் உப்பும் சேர்க்கவும். ஏன் முதலிலேயே போடவில்லை? தக்காளியின் புளிப்பு மற்ற காய்கள் மெத்தென்று ஆவதைத் தாமதப்படுத்தும். மிளகாய் பாதி வெந்த பிறகு போட்டால் இரண்டும் சேர்ந்தாற்போல் வேகும். தண்ணீர் ஒரு சொட்டும் விடக்கூடாது. தக்காளியில் 100க்கு 90 பங்குக்கு மேல் தண்ணீர்தான்!

6. மூடிவைத்து 10 முதல் 15 நிமிடம். பிறகு மூடியைத் திறந்து, சாறு கெட்டியாகும்வரை வைத்து இறக்கவும். வைட்டமின் சி சூட்டில் கொஞ்சம் அழியும், கொஞ்சம் சாற்றில் இறங்கும். சாற்றைக் கொட்டாமல் சாப்பிடுவதால் இறங்கியது வீணாகாது.

கடைசியில் 3 முட்டையை அடித்து ஊற்றிக் கிளறினால் முட்டை லெச்சோ. கொஞ்சம் அரிசி போட்டும் வேக வைப்பார்கள், மசாலா தொத்திறைச்சி போட்டும் செய்வார்கள். அவர்கள் ரொட்டியோடு சாப்பிடுகிறார்கள். நாம் சோற்றோடும் சப்பாத்தியோடும் சாப்பிடலாம்.

ஒரு எச்சரிக்கை: ஜாடியில் அடைக்கும் வேலையை முறை தெரியாமல் செய்ய வேண்டாம். சரியாகக் காய்ச்சி மூடாத ஜாடியில் உயிருக்கே ஆபத்தான கிருமி வளரும். அன்றைக்குச் செய்ததை அன்றைக்கே சாப்பிடுங்கள்.

இது நமக்கு எதற்கு?

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் தாண்டிப் படிக்க வந்த முதல் ஆள் நான். அம்மாவுக்குக் காய்கறிக் கடை. கடைன்னா கட்டடம் இல்லை, சந்தையில் சாக்கு விரிச்சுப் போடுறது. விலை விழுந்த நாளில் சாயங்காலம் கூடையில் மிஞ்சுகிற கனிந்த தக்காளியும், வதங்கின பஜ்ஜி மிளகாயும் மாட்டுக்குத்தான் போகும். அழுகினதைத் தள்ளிவிட்டு, நல்லதாகப் பொறுக்கி இதைச் செய்துபார்த்தேன். வெளியே வாங்கினது எண்ணெயும் மிளகாய்ப்பொடியும்தான்.

செய்யும்போதே அம்மாவிடம் ஒவ்வொன்றுக்கும் காரணம் சொல்லிக்கொண்டு வந்தேன். வெங்காயத்துக்கு உப்பு ஏன் என்று சொன்னதும் அம்மா, "இதுக்கா பீஸு கட்டிப் படிக்கிற? நான் இருபது வருசமா அப்படித்தான போடுறேன்" என்றது. அப்புறம் கொஞ்ச நேரம் கழித்து, "அதுக்குப் பேரு என்னன்னு சொன்ன?" என்று கேட்டது. சவ்வூடு பரவல் என்றேன். இரண்டு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டது. அன்றைக்குத்தான் எனக்கு ஒன்று விளங்கியது. நாம் படிக்கிற பல விஷயம் நம் வீட்டில் ஏற்கெனவே இருக்கிறது. பெயர் மட்டும் தெரியாமல் இருக்கிறது. அந்தப் பெயரைக் கொண்டுபோய் வீட்டில் சேர்ப்பதும் நம் வேலைதான்.

இன்னொன்று, முக்கியமாக மாணவர்களுக்கு. டிப்ளமோ முடித்து அப்ரண்டிசாக வெளியூர் போன ஓர் அண்ணன், வாங்குகிற பணத்தில் பாதி ஓட்டலுக்கே போகிறது, அதனால் ராத்திரியில் டீயும் பன்னும்தான் என்றார். மூன்று வருடம் இயந்திரத்தை ஓட்டப் படித்தவனுக்கு ஒரு ஸ்டவ்வை ஓட்டத் தெரியாதா? 'பொம்பளை வேலை' என்று யாராவது கேலி செய்தால், செண்ட்-ஜியார்ஜியின் கதையைச் சொல்லுங்கள். சட்டியில் கிடந்த மிளகாயைச் சாதாரணமாக நினைக்காதவருக்குத்தான் நோபல் பரிசு வந்தது.

விடுமுறையில் ஒரு நாள், வீட்டில் அம்மாவை உட்காரவைத்துவிட்டு நீங்களே செய்து கொடுங்கள். பொடி போடும்போது மட்டும் சட்டியை இறக்கிவைக்க மறந்துவிடாதீர்கள்!