பெரியோர் ஒற்றைச் சக்கர சைக்கிள் பயிலுதல்: சமநிலை பற்றிய ஒரு பாடம்

"ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா" என்னும் பழமொழி, கல்வியைப் பற்றிப் பேச்செழும் இடமெல்லாம் எடுத்தாளப்படுவது. முதியோர் வகுப்பு நடத்தச் செல்லும் களப்பணியாளர் முதன்முதல் எதிர்கொள்வதும் இதனையே. உடல் திறன்களைப் பொறுத்தவரையில் இந்நம்பிக்கை இன்னும் ஆழமாக வேரூன்றியுள்ளது. கேரளத்தில் அதற்கு ஒரு வரலாறும் உண்டு. 1901 ஆம் ஆண்டில் கீலேரி குஞ்ஞிக்கண்ணன் தலைச்சேரியை அடுத்த சிரக்கரையில் சர்க்கஸ் பயிற்சிப் பள்ளி ஒன்றை நிறுவினார். அதன் பின்னர் அவ்வட்டாரம் இந்திய சர்க்கஸின் தாயகம் எனப் பெயர் பெற்றது. கம்பி மீது நடத்தல், ஊஞ்சலில் தாவுதல், ஒற்றைச் சக்கர சைக்கிள் ஓட்டுதல் முதலிய வித்தைகளை இளமையிலேயே தொடங்க வேண்டும் எனக் கருதி, சிறுவர் சிறுமியரைக் கூடாரங்களில் சேர்க்கும் வழக்கம் நெடுங்காலம் நிலவி வந்தது. சர்க்கஸில் குழந்தைகளை வேலைக்கு அமர்த்துவதைத் தடை செய்யுமாறு 2011 ஏப்ரல் 18 ஆம் நாள் உச்ச நீதிமன்றம் மத்திய அரசுக்கு உத்தரவிட்டது.

ஆகவே, இவ்வித்தையைத் தொழிலாகப் பயில வருபவர் வளர்ந்தவராகவே இருத்தல் வேண்டும். வளர்ந்த ஒருவர் இதனைக் கற்க இயலுமா? இயலுமாயின் எம்முறையில்? இக்கேள்விக்கு விடை கண்டால், எழுத்தறிவு முதல் இயந்திரப் பணி வரை பெரியோருக்குக் கற்பிக்கும் எவருக்கும் அது பயன்படும். முதற்கண் கற்க வேண்டிய பொருள் யாது என்பதைப் பார்ப்போம்.

வண்டியின் அமைப்பு

ஒற்றைச் சக்கர சைக்கிளில் ஒரு சக்கரம், அதனைத் தாங்கும் கவடு, ஆசனம், இரு பெடல்கள் ஆகியவையே உள்ளன. செயின் இல்லை, ஃப்ரீவீல் இல்லை, பிரேக்கும் பெரும்பாலும் இல்லை. பெடல்களின் கிராங்குகள் சக்கரத்தின் அச்சிலேயே இறுகப் பொருத்தப்பட்டுள்ளன. பெடல் ஒரு சுற்றுச் சுற்றினால் சக்கரமும் ஒரு சுற்றுச் சுற்றும். பெடலைப் பின்னோக்கி மிதித்தால் சக்கரமும் பின்னோக்கி உருளும்.

பயில்வோர் பெரும்பாலும் 20 அங்குலச் சக்கரத்தையே பயன்படுத்துவர். இதன் விட்டம் சுமார் 51 சென்டிமீட்டர். எனவே ஒரு சுற்றுக்கு வண்டி செல்லும் தொலைவு ஏறத்தாழ 1.6 மீட்டர். நிமிடத்திற்கு 60 சுற்று மிதித்தால் வேகம் மணிக்கு 6 கிலோமீட்டரைக்கூட எட்டாது. விரைந்து நடப்பவரின் வேகமே இது. இவ்வேகத்தில் சமநிலை தவறுபவர் பெரும்பாலும் காலூன்றி இறங்கிவிட இயலும். உயரம் கண்டு அஞ்சுபவருக்குப் பயிற்சியாளர் இக்கணக்கை முதலிலேயே சொல்லிவிடுதல் நன்று.

உள்ளங்கையில் நிற்கும் கழி

துடைப்பக் கழியை உள்ளங்கையில் செங்குத்தாக நிறுத்தி விளையாடாத சிறுவர் இல்லை. கழி எப்பக்கம் சாய்கிறதோ அப்பக்கம் கையை விரைந்து நகர்த்துகிறோம். கழியின் அடி, ஈர்ப்பு மையத்திற்குக் கீழே மீண்டும் வந்து சேர்கிறது. கையை அசைக்காது வைத்துக்கொண்டால் கழி உடனே விழுந்துவிடும். ஒற்றைச் சக்கர சைக்கிளில் அமர்ந்தவரும் இவ்வாறான ஒரு கழியே. சக்கரம் நிலத்தைத் தொடும் இடம் உள்ளங்கைக்கு ஒப்பானது. முன்னே சாய்ந்தால் வேகமாக மிதித்துச் சக்கரத்தை முன்னே செலுத்த வேண்டும்; பின்னே சாய்ந்தால் மிதிப்பதைத் தளர்த்த வேண்டும். அசையாதிருப்பதால் இங்குச் சமநிலை கிட்டுவதில்லை. ஓயாமல் விழத் தொடங்கி, ஓயாமல் அதனைத் திருத்திக்கொள்வதே இங்குச் சமநிலை எனப்படுகிறது.

திருத்துவதற்கு எவ்வளவு நேரம் உள்ளது என்பதே அடுத்த கேள்வி. அடி நகராத கழியின் சிறு சாய்வு இரு மடங்காக எடுக்கும் நேரம், கழியின் நீளத்தைப் பொறுத்தது. 15 சென்டிமீட்டர் நீளப் பென்சிலுக்கு அது சுமார் 0.07 விநாடி, 1 மீட்டர் கழிக்கு 0.18 விநாடி, 2 மீட்டர் கழிக்கு 0.26 விநாடி. கண்ணால் கண்டு கையை அசைக்க மனிதருக்கு ஏறத்தாழ 0.2 விநாடி வேண்டும். அதற்குள் பென்சிலின் சாய்வு ஏழு மடங்காகிவிடுகிறது. ஆதலால் அதனை நிறுத்த இயலாது. நெடிய கழி நமக்கு அவகாசம் தருகிறது. வண்டியில் அமர்ந்த மனிதரின் ஈர்ப்பு மையம் நிலத்திலிருந்து சுமார் 1 மீட்டர் உயரத்தில் உள்ளது. அவர் சாயும் வேகம், 1 மீட்டருக்கும் 2 மீட்டருக்கும் இடைப்பட்ட கழி ஒன்றின் வேகத்தை ஒக்கும். ஆகவே இவ்வித்தை, சாதாரண மனிதரின் நரம்பு வேகத்திற்கு உட்பட்டதே. இதற்கென ஒருவர் தனிப் பிறவியாக இருக்க வேண்டியதில்லை.

திருவனந்தபுரத்து வாசகருக்கு இத்தத்துவம் வேறொரு வழியிலும் அறிமுகமானது. 1963 நவம்பர் 21 அன்று தும்பாவிலிருந்து முதல் ராக்கெட் ஏவப்பட்ட காலத்தில், ராக்கெட் பாகங்கள் சைக்கிளில் எடுத்துச் செல்லப்பட்டதை எல்லோரும் அறிவர். அடியிலிருந்து தள்ளப்படும் நெடிய ராக்கெட்டும் உள்ளங்கையில் நிற்கும் கழி போன்றதே. இந்நகரின் விக்ரம் சாராபாய் விண்வெளி மையத்தில் உருவான பி.எஸ்.எல்.வி. ராக்கெட்டின் இரண்டாம் கட்டத்தில், எஞ்சினையே சற்று இப்படியும் அப்படியும் திருப்பிச் சாய்வைத் திருத்துகின்றனர். 1993 செப்டம்பர் 20 ஆம் நாள் நடந்த அதன் முதற் பயணம் வெற்றி பெறவில்லை. இரண்டாம் கட்டம் பிரியும் வேளையில் ஏற்பட்ட அசைவைக் கட்டுப்பாட்டு நிரலால் சரிவரத் திருத்த இயலவில்லை. பிழை ஆராயப்பட்டது, 1994 அக்டோபர் 15 அன்று ராக்கெட் செயற்கைக்கோளைச் சுற்றுப்பாதையில் சேர்த்தது.

பக்கவாட்டில் சாயும்போது

சக்கரம் முன்னும் பின்னும் உருளுமேயன்றிப் பக்கவாட்டில் உருளாது. இடப்பக்கம் சாய்பவர், இடுப்பைத் திருப்பி வண்டியை இடப்பக்கம் முகங்கொள்ளச் செய்து, அதன் பின் முன்னோக்கி மிதிக்கிறார். பக்கச் சாய்வு இவ்வாறு முன்சாய்வாக மாற்றப்பட்டுத் திருத்தப்படுகிறது. புதிதாகப் பயில்பவர் வளைந்து வளைந்து செல்வதன் காரணம் இதுவே. கைகளை விரித்து வீசுவதும் உடலைத் திருப்ப உதவுகிறது.

சுழலும் சக்கரத்தின் பம்பர விளைவே சைக்கிளை நிமிர்த்தி வைக்கிறது என்று பலர் எண்ணுகின்றனர். டேவிட் ஜோன்ஸ் என்பார், அவ்விளைவை நீக்குவதற்காக எதிர்த்திசையில் சுழலும் மற்றொரு சக்கரத்தைப் பொருத்திய சைக்கிளையும் எளிதில் ஓட்டலாம் என 1970 இல் காட்டினார். பம்பர விளைவு இன்றியே தானாக நிமிர்ந்து ஓடும் வண்டியொன்றை 2011 இல் வேறு ஆய்வாளர் செய்து காட்டினர். மெதுவாகச் சுழலும் ஒற்றைச் சக்கரத்தில் அவ்விளைவு மிகச் சிறிது. இங்கே வண்டியை நிறுத்தி வைப்பது ஓட்டுபவரின் திருத்தமே.

வளர்ந்தவரின் மூளை வளையுமா?

மூளையில் ஏற்படும் மாற்றங்களைக் காந்த அதிர்வுப் படங்களால் இன்று அளக்க முடிகிறது. ஜெர்மானிய ஆய்வாளர் 2004 இல், மூன்று பந்துகளை மாறி மாறி எறிந்து பிடிக்கப் பயின்ற இளைஞரின் மூளையில் சாம்பல் நிறப் பொருள் சில பகுதிகளில் பெருகியதைக் கண்டனர். பயிற்சியை விட்டதும் அது குறைந்தது. 2008 இல் ஏறத்தாழ 60 வயதினரிடம் இச்சோதனை மீண்டும் நடைபெற்றது. அவர்களுள் சிலரே முழுத் தேர்ச்சி பெற்றனர். எனினும் மாற்றம் அவர்களிடமும் காணப்பட்டது. ஆஸ்திரிய ஆய்வாளர் 2019 இல் வெளியிட்ட ஆய்வொன்று ஒற்றைச் சக்கர சைக்கிளைப் பற்றியதே. மூன்று வாரப் பயிற்சிக்குப் பின்னர், வளர்ந்தோரின் மூளையில் சாம்பல் பொருளிலும் வெண்பொருளிலும் மாறுதல்கள் பதிவாயின. ஐம்பதில் வளைவது மெதுவாக வளையும். வளையாது என்பதற்குச் சான்றில்லை.

எவ்வளவு நேரம் பயில்வது என்பதற்குத் தபால் ஊழியரிடம் நடந்த ஒரு சோதனை வழிகாட்டுகிறது. பிரிட்டனில் பாட்லி, லாங்மன் என்னும் இருவர், தட்டச்சுப் பலகை பயின்ற தபால் ஊழியரைப் பல குழுக்களாகப் பிரித்து ஆராய்ந்து, 1978 இல் முடிவை வெளியிட்டனர். நாளொன்றுக்கு 1 மணி நேரம் பயின்ற குழு, விசைகளைக் கற்க மொத்தம் சுமார் 35 மணி நேரம் எடுத்தது. நாளொன்றுக்கு 4 மணி நேரம் பயின்ற குழுவுக்குச் சுமார் 50 மணி நேரம் பிடித்தது. வியப்பு என்னவெனில், சிறப்பாகக் கற்ற முதற் குழுவினரே தம் பயிற்சி முறையில் மிகக் குறைந்த மனநிறைவு கொண்டிருந்தனர். நாட்கணக்கில் பார்த்தால் தாம் பின்தங்கியதாக அவர்களுக்குத் தோன்றிற்று. சிறிது சிறிதாகப் பயிலும் பெரியவரிடம் இவ்வுண்மையை எடுத்துரைப்பது ஆசிரியரின் கடமை.

புதுக்கோட்டை தந்த சான்று

சோதனைச்சாலைக்கு வெளியே இதற்குப் பெருஞ்சான்று தமிழ்நாட்டில் உள்ளது. 1991 இல் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் தொடங்கியபோது, மாவட்ட ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் எழுத்தறிவோடு சைக்கிள் பயிற்சியையும் பெண்களுக்கு இணைத்தார். வயல் வேலை செய்வோர், கல்லுடைப்போர், அங்கன்வாடிப் பணியாளர், ஆசிரியைகள் எனப் பலரும் கற்றனர். ஒரு லட்சத்திற்கும் மேற்பட்ட கிராமப் பெண்கள் சைக்கிள் ஓட்டப் பழகியதாகப் பத்திரிகையாளர் பி. சாய்நாத் பதிவு செய்துள்ளார். பெண்களுக்கான சைக்கிள்கள் போதிய அளவில் கிடைக்காமற் போகவே, குறுக்குப் பார் உள்ள ஆண்கள் சைக்கிளிலேயே பலர் பயின்றனர். கேலிப் பேச்சுகளும் எழுந்தன. ஆயினும் முன்பு பேருந்துக்குக் காத்திருந்தவர், தண்ணீர்க் குடத்தையும் குழந்தையையும் ஏற்றிக்கொண்டு தாமே புறப்படலாயினர்.

இரு சக்கரத்தைவிட ஒரு சக்கரம் கடினமே. ஆயினும் கற்கும் வழி ஒன்றே. புதுக்கோட்டையில் ஒருத்தி கற்பதை மற்றொருத்தி கண்டாள். கற்றவள் அடுத்தவளுக்குக் கற்பித்தாள். விழுவது எவருக்கும் இழிவாகத் தோன்றாத சூழல் அங்கு உருவாயிற்று. பெரியோர் கற்பதற்கு முதல் தடை உடலன்று; பிறர் முன் விழ நேருமே என்னும் நாணமே.

பயிற்சி முறை

1. இடம்: குன்றுகள் நிறைந்த திருவனந்தபுரத்தில் சமதளம் தேடிக் காண வேண்டிய ஒன்று. பள்ளி விளையாட்டுக் கூடமோ, சிமென்டுத் தளமோ ஏற்றது. மழைக்காலத்தில் ஈரமும் பாசியும் உள்ள தரையைத் தவிர்க்க வேண்டும்.

2. காப்பு: தலைக்கவசம், மணிக்கட்டுக் காப்பு, முழங்காற் காப்பு ஆகியவை தேவை. காலணியின் கயிறு கிராங்கில் சிக்காதவாறு செருகப்பட வேண்டும். மூட்டு நோயோ எலும்புத் தேய்வோ உள்ளவர் மருத்துவரைக் கலந்த பின்னரே தொடங்கலாம்.

3. ஆசனம்: பெடல் அடியில் இருக்கும்போது குதிகாலை அதன்மேல் வைத்தால் கால் நேராக நீளும் அளவுக்கு உயரம் அமைக்க.

4. இறங்கப் பழகுதல்: ஓட்டுவதற்கு முன் இறங்கக் கற்க வேண்டும். சுவரைப் பிடித்து ஏறி, ஒரு கையால் ஆசனத்தைப் பற்றிக்கொண்டு, முன்னே காலூன்றி இறங்குவதைப் பத்து முறை செய்க. அச்சம் இதனால் பெரிதும் நீங்கும்.

5. அரைச் சுற்று: மார்பளவுச் சுவரையோ கைப்பிடிக் கம்பியையோ பற்றி, பெடல்கள் கிடைமட்டமாக இருக்கும்படி நிற்க. பெடல்கள் மேலும் கீழுமாக நேர்க்கோட்டில் வரும்போது மிதிப்பதால் பயன் இராது. அந்நிலையில் வண்டி கட்டுப்படாது. ஒரு கிடைநிலையிலிருந்து அடுத்த கிடைநிலை வரை அரைச் சுற்று உருண்டு நிற்கப் பழகுக.

6. எடையும் பார்வையும்: எடை ஆசனத்தில் இருக்க வேண்டும்; பெடல்கள் மீது நிற்கலாகாது. பார்வை சக்கரத்தில் படாமல், பத்து மீட்டர் தொலைவில் நிலைக்க வேண்டும்.

7. சுவரை விடுதல்: முன்னே சிறிது சாய்ந்து, சாய்வைச் சக்கரம் எட்டிப் பிடிக்குமாறு மிதிக்க. ஒரு சுற்று, இரு சுற்று எனக் கணக்கிட்டுக் குறிப்பேட்டில் எழுதுக.

நாளொன்றுக்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் போதும். தடையின்றிச் சில மீட்டர் தொலைவு செல்ல, பலருக்குப் பத்து முதல் பதினைந்து மணி நேரப் பயிற்சி தேவைப்படும் என்பது பயிற்றுநரின் பொதுக் கணக்கு. முன்னேற்றம் பல நாட்கள் தென்படாமல் இருந்து, ஒரு நாள் திடீரெனத் தோன்றுவதுண்டு. அவ்விடைக் காலத்தில் கைவிட்டோரே தோற்றவராவர்.

ஆசிரியர்க்குக் குறிப்பு

ஜப்பானில் தொடக்கப் பள்ளிகளின் உடற்பயிற்சிப் பாடத்திலேயே ஒற்றைச் சக்கர சைக்கிளுக்கு இடமுண்டு. நம் பள்ளிகளில் வண்டி இல்லாவிடினும் பாடம் நடத்தலாம். ஒரு பென்சிலும், ஒரு மீட்டர் அளவுகோலும், ஒரு நெடிய கழியும் போதும். களப்பணியாளரோ, பெரியவர் ஒருவர் முதன்முறை எழுதுகோலையோ கருவியையோ கையிலெடுத்துத் தடுமாறும்போது, அத்தடுமாற்றத்தைத் திறமையின்மை எனக் கொள்ளாதிருத்தல் வேண்டும். திருத்தம் கற்கும் நரம்புகளுக்கு அதுவே பாடநூல்.

வினாக்கள்

1. நெடிய கழியை உள்ளங்கையில் நிறுத்துவது எளிது. பென்சிலை நிறுத்துவது அரிது. காரணம் கூறுக.
2. ஒற்றைச் சக்கர சைக்கிளில் ஃப்ரீவீல் இருந்தால் முன்பின் சமநிலையைக் காப்பது ஏன் கடினமாகும்?
3. 24 அங்குலச் சக்கரம் பெடலின் ஒரு சுற்றுக்கு எவ்வளவு தொலைவு உருளும்?
4. உம் பகுதியில் பெரியோர் கற்கத் தயங்கும் ஒரு திறனைக் கூறி, அதனை நாளொன்றுக்கு ஒரு மணி நேரப் பாடங்களாகப் பிரித்துக் காட்டுக.