எந்தக் குழலுக்கு எந்தக் குண்டு?

திருப்பதி வட்டாரக் காட்டில், சாமலா பள்ளத்தாக்கில், ஆட்கொல்லிப் புலியைத் தேடி அலைந்ததைப் பற்றி கென்னத் ஆண்டர்சன் எழுதியிருக்கிறார். அவருடைய பெயரோடு சேர்ந்தே நினைவுக்கு வருவது .405 வின்செஸ்டர் ரைஃபிள். 300 கிரெயின் குண்டு; குழலின் உட்புறப் பள்ளங்கள் 14 அங்குலத்துக்கு ஒரு சுற்று சுற்றும் மந்தமான புரி. குண்டு கனமானாலும் தடித்துக் குட்டையாக இருந்ததால் அதுவே போதும். 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தோடு அந்த வேட்டைக்காலம் முடிந்துவிட்டது. உரிமம் பெற்று இலக்கில் சுடுவோருக்குக் கணக்கு இன்றும் அதேதான்.

தோட்டாப் பெட்டியில் குண்டின் எடையைத்தான் அச்சிடுகிறார்கள். ஆனால் புரியைத் தீர்மானிப்பது நீளம். நீண்ட குண்டுக்கு வேகமான புரி, அதாவது குறைந்த அங்குலத்துக்கு ஒரு சுற்று, வேண்டும். ஈயத்தைவிடச் செம்பு லேசானது என்பதால், முழுச் செம்புக் குண்டு அதே எடையில் நீளமாக இருக்கும்.

புரியைக் கணக்கிட 1879-இல் கணிதவியலாளர் கிரீன்ஹில் தந்த வாய்பாடு: விட்டத்தின் வர்க்கத்தை 150-ஆல் பெருக்கி, நீளத்தால் வகுக்கவும். 0.308 அங்குல விட்டம், 1.2 அங்குல நீளம் என்றால் விடை ஏறத்தாழ 12 அங்குலம்.

.22 ரிம்ஃபயர்: 16 அங்குலப் புரி, 40 கிரெயின். இதில் யோசிக்க எதுவுமில்லை. 60 கிரெயின் குண்டை மட்டும் தவிர்க்கவும்.

.30-06: 10 அங்குலப் புரி. முன்னோடியான .30-03-இன் 220 கிரெயின் குண்டுக்காக வெட்டிய புரி அப்படியே தொடர்ந்தது. அதனால் 150, 180, 220 மூன்றும் ஒத்துப்போகும்.

6 மி.மீ.: 1955-இல் வின்செஸ்டரின் .243 10 அங்குலப் புரியோடும், ரெமிங்டனின் .244 12 அங்குலப் புரியோடும் போட்டியிட்டன. வாங்குவோர் கேட்ட கூர்முனை 100 கிரெயின் குண்டு .244-இல் சரியாக நிலைக்கவில்லை, விற்பனை படுத்தது. பின்னர் ரெமிங்டன் 9 அங்குலத்துக்கு மாறியது.

உங்கள் குழலின் புரி தெரியவில்லையா? துப்பாக்கி காலி என்பதை உறுதிசெய்துகொண்டு, தானாகச் சுழலும் கைப்பிடியுள்ள சுத்தம்செய்யும் கம்பியில் துணியை இறுக்கமாகச் சுற்றி உள்ளே செலுத்துங்கள். கம்பியின் மேற்புறம் ஒரு கோடு போடுங்கள். கோடு ஒரு முழுச் சுற்று வந்து மறுபடி மேலே நிற்கும்போது கம்பி எத்தனை அங்குலம் நகர்ந்ததோ, அதுதான் புரி.

புது ரைஃபிள் வாங்குவோர் முதலில் மிக நீளமான குண்டைத் தீர்மானித்து, அதற்கேற்ற புரியைக் கேளுங்கள். இரண்டு புரிகளுக்கு நடுவே தடுமாறினால் வேகமான புரியே மேல். மெல்லிய உறையுள்ள லேசான குண்டை அதிவேகத்தில் சுடுவோர் மட்டும் எச்சரிக்கையாக இருக்கவேண்டும். கையில் இருப்பதை வைத்துச் சுடுவோர் இலக்குத்தாளைப் பாருங்கள். துளை வட்டமாக இல்லாமல் நீள்வட்டமாக விழுந்தால், அடுத்த முறை குட்டையான குண்டு வாங்குங்கள்.