வீட்டுக்குள் வந்த நேர்முகப் பரீட்சை



உத்தியோகத்திற்கான நேர்முகப் பரீட்சை என்றால் முன்னர் கல்முனையில் இராப் பஸ் ஏறுவோம். தண்டவாளம் மட்டக்களப்போடு நின்றுவிடுவதால் தெற்கே இருப்போருக்குப் பஸ்ஸே கதி. விடியற்காலை கொழும்பில் இறங்கி, கடைக் குழாயில் முகங் கழுவி, கசங்கிய சேர்ட்டோடு கந்தோர் வாசலில் நிற்போம். 2020 மார்ச் மாதத்துக் கொரோனா ஊரடங்கின் பின் இந்நிலை மாறத் தொடங்கியது. இன்று கொழும்பில் உள்ளவர்களும் டோஹாவில் உள்ளவர்களும் கைத்தொலைபேசித் திரையிலேயே பலரைப் பரீட்சித்து விடுகிறார்கள். பஸ் காசு மிச்சந்தான். ஆயினும் மேசை, வெளிச்சம், அமைதி என்று கந்தோர் செய்து தந்த ஏற்பாடுகளை எல்லாம் இனி நம் வீடு செய்ய வேண்டும். ஆகவே இது பிள்ளைக்கு மட்டுமன்று, வீட்டார் எல்லோருக்கும் பரீட்சை.

முதலில் வெளிச்சம். நமது கரை கிழக்கு நோக்கியது. காலை ஒன்பது மணிக்குக் கடற்பக்க யன்னலுக்கு முதுகு காட்டி அமர்ந்தால், எதிரே இருப்பவருக்கு உங்கள் முகம் கரிக்கட்டையாகத்தான் தெரியும். காலையில் கடலைப் பார்த்தும், பின்னேரத்தில் வயற்பக்கம் பார்த்தும் அமருங்கள். தொலைபேசியைக் கையில் பிடிக்காமல், கண்மட்டத்திற்குப் புத்தகங்களை அடுக்கி அதன்மேல் சாய்த்து வையுங்கள். மின்விசிறியை நிறுத்துங்கள், அதன் இரைச்சல் நமக்குப் பழகிப்போனது, அவர்களுக்குப் புயல். மார்கழி மாரியில் தகரக் கூரையின் கீழ் இருந்தால் மழைதான் பதில் சொல்லும். அந்நாளில் ஓட்டு வீடு உள்ள உறவினரை முன்னரே கேட்டு வைப்பது நல்லது.

மின்சாரம் நின்றால் வீட்டு வைஃபையும் நின்றுவிடும். 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணி நேரம் இருளில் இருந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். 2025 பெப்ரவரி 9ஆம் திகதி பாணந்துறை உப மின்நிலையத்தில் ஒரு குரங்கு புகுந்ததால் நாடே இருண்டது என்றார் மின்சக்தி அமைச்சர்! எனவே தொலைபேசியை முழுதாகச் சார்ஜ் செய்து, அதிலேயே டேட்டாவும் போட்டு வையுங்கள். முதல்நாள் நண்பர் ஒருவருடன் ஒத்திகை பாருங்கள். நானும் ஒரு கூட்டத்தில் ஒலிவாங்கியைத் திறக்காமலே ஆறு நிமிடம் உணர்ச்சியோடு பேசியவன்தான்.

நேரத்தில் ஏமாறுவோர் பலர். டுபாயில் ஒன்பது மணி என்றால் நமக்குப் பத்தரை. டோஹாவிலோ ரியாத்திலோ ஒன்பது என்றால் நமக்குப் பதினொன்றரை. யாருடைய மணிக்கூடு என்று எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். டோஹாவின் பதினொன்றரைக்குத் தொடங்கினால் அது நமக்குப் பகல் இரண்டு; ஒன்பதரைக்குத் தொடங்கினால் நமது நண்பகல். கல்முனைக்குடியிலும் சாய்ந்தமருதிலும் லுஹர் பாங்கு ஒரு பள்ளியில் முடிய அடுத்த பள்ளியில் எழும். பதறவேண்டாம். “பாங்கு சொல்கிறார்கள், ஒரு நிமிடம் பொறுக்க முடியுமா?” என்று கேட்டு ஒலிவாங்கியை மூடிக்கொள்ளுங்கள். வளைகுடாவில் இருப்பவருக்கு அதை விளக்கவேண்டிய தேவையே இல்லை.

இனி விடயத்திற்கு வருவோம். “உம்மைப் பற்றிக் கூறும்” என்றவுடன் நம் பிள்ளைகள் பெயர், தகப்பன் பெயர், பாடசாலை, உயர்தரப் பெறுபேறு என்று ஒப்புவிக்கிறார்கள். அதெல்லாம் விண்ணப்பத்திலேயே இருக்கிறதே! கேட்பவர் அறிய விரும்புவது நீங்கள் என்ன செய்தீர்கள் என்பதை. “நான் கடின உழைப்பாளி” என்று ஆயிரம் பேர் சொல்வார்கள். “எங்கள் கடையின் கடன் கொப்பியை இரண்டு வருடம் நானே எழுதினேன்; யார் யார் பாக்கி என்று மாதக் கடைசியில் தனியாகப் பிரித்துக் காட்டினேன்” என்று சொல்பவரை நினைவில் வைத்திருப்பார்கள். மருதமுனைத் தறி வீடுகளில் ஓடர் எழுதிய பிள்ளைக்கும், சந்தையில் தராசு பிடித்த பிள்ளைக்கும் இப்படிச் சொல்ல ஏதாவது இருக்கும். அதை ஐந்தாறு வசனத்தில் சத்தமாகச் சொல்லிப் பழகுங்கள்.

பதிலை எழுதி யன்னலில் ஒட்டி வாசிப்பதும், செயற்கை நுண்ணறிவு தந்ததைப் பார்த்துச் சொல்வதும் நமக்குத்தான் மறைவு. கண் ஓடுவதை எதிரில் இருப்பவர் இரண்டே கேள்வியில் கண்டுபிடித்து விடுவார். ஆங்கிலம் விளங்காவிட்டால் மெதுவாக மறுபடி கேட்கும்படி சொல்லுங்கள். அதில் வெட்கம் இல்லை. தாய்மாரே, கதவோரம் நின்று பதில் எடுத்துக் கொடுக்காதீர்கள். உங்கள் குரலும் டோஹா வரை போகும்.

நிற்க. திரையின் மறுபக்கத்தில் இருப்பவர் யார் என்பதையும் நாம் பரீட்சிக்க வேண்டும். தாய்லாந்தில் கணினி வேலை என்று நம்பிப் போன இலங்கை இளைஞர்கள், மியன்மாரின் மியாவாடியில் அடைக்கப்பட்டு இணைய மோசடி செய்ய வற்புறுத்தப்பட்ட செய்தியை 2023, 2024ஆம் ஆண்டுகளில் வாசித்தோம். பத்தே நிமிடத்தில் “தெரிவாகிவிட்டீர்” என்பவர், பரீட்சைக்கு முன்பே பணம் கேட்பவர், சுற்றுலா விசாவில் வரச் சொல்பவர் ஆகிய மூவரிடமும் அவதானமாயிருங்கள். முகவருக்கு அனுமதிப்பத்திரம் உண்டா, அந்த வேலைக்கு அனுமதி பெறப்பட்டதா என்று வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் 1989 இலக்கத்திற்கு அழைத்துக் கேளுங்கள். அதன் பின்னரே கடவுச்சீட்டின் பிரதியை அனுப்புங்கள்.