சீருடையும் தோலும்

காலையில் அணிந்த சட்டை உடலில் உராய்வதைச் சற்று நேரத்தில் மறந்து விடுகிறோம். மாறாத தூண்டலுக்குத் தோலிலுள்ள உணர்வேற்பிகள் பழகிவிடுகின்றன. மூளையும் அச்செய்தியை ஒதுக்கிவிடுகிறது. விலங்கியல் மாணவர்களாகிய நமக்கு இது ஐந்து மதிப்பெண் வினா.

என் தம்பிக்கு அந்த மறதி வாய்க்கவில்லை. அவன் ஆட்டிசம் உடையவன். கழுத்துப்பட்டையில் தைத்த சிறு துணிச்சீட்டு மாலை மணி அடிக்கும் வரை அவனுக்கு முள்தான். அடம் என்றனர் ஆசிரியர். நானும் ஒருமுறை அடித்திருக்கிறேன். அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் நோயறி கையேடு 2013இல் இத்தகைய புலனுணர்வு வேறுபாட்டையும் ஆட்டிசத்தின் அடையாளங்களுள் சேர்த்துவிட்டது என்பதைக் கல்லூரிக்கு வந்த பின்னரே அறிந்தேன்.

அப்பா தையற்காரர். படிக்காதவர். அவர் எதையும் கேட்காமல் துணிச்சீட்டைப் பிரித்தெடுத்தார். பட்டைக்குள் இருந்த விறைப்புத் துணியை நீக்கிப் பழைய வேட்டித் துணியை வைத்துத் தைத்தார். தம்பி அன்று அழாமல் சென்றான். ஆனால் பட்டை தொய்ந்திருக்கிறது, மேல் பொத்தான் போடவில்லை என்று பள்ளி வாசலிலேயே நிறுத்திவிட்டனர். நிறம் அதே நிறந்தான்!

2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், அரசு நிதியோ அங்கீகாரமோ பெற்ற பள்ளிகள் அவரவர் தேவைக்கேற்ற நியாயமான வசதி செய்துதர வேண்டும் என்கிறது. இதைக் காட்டி, எங்கள் குடும்பத்தில் முதன்முதல் கல்லூரி மிதித்த நான் மனு எழுதினேன், அப்பா கையொப்பமிட்டார். பொத்தானுக்கு விலக்குக் கிடைத்தது. காலுறைக்கு அடுத்த மனு எழுதிக்கொண்டிருக்கிறேன்.